இடது பக்கத்து சீட்

அந்தச் சிவப்பு வண்டியின் இடது பக்கத்து சீட்டில் யார் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். மேலப்புதூர் பங்குச் சாமியார் குடையும் கையுமாக உட்கார்ந்தார். புதுப் பெயிண்ட் அடித்த அந்தோணியார் சுரூபம், துண்டால் இறுகக் கட்டப்பட்டு, ஜம்மென்று உட்கார்ந்து வந்தது. காந்தி மார்க்கெட்டிலிருந்து ஒரு பூவன் வாழைத்தார் கூட அதில் சவாரி போனதை டோரதி தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். உட்காராதது அவள் ஒருத்திதான். ஒரே ஒரு தடவை, கன்டோன்மென்டிலிருந்து காவிரிப் பாலம் வரைக்குமாவது, அந்த சீட்டில் உட்கார்ந்து முகத்தில் காற்று அடிக்கப் போக வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. வாழைத்தாருக்குக் கிடைத்தது ஒரு மனுஷிக்குக் கிடைக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றும். தோன்றி என்ன செய்ய?

வம்பு என்னவென்றால், வண்டியில் இருந்ததே இரண்டு சீட். இங்கிலாந்தில் செய்தது. பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கப்பலேறும்போது, பாலக்கரையில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த பிலோமின்ராஜிடம் விற்றுவிட்டுப் போனது. தாழ்வான உடம்பு, நீண்ட மூக்கு, மேலே இரும்புக் கூரை கிடையாது. மழைக்கு இழுத்து மூட ஒரு கேன்வாஸ் துணி மட்டும். பின்னால் இன்னொரு சீட் இருந்திருந்தால் அம்மாவையோ சித்தியையோ அதில் ஏற்றி ஊர் வாயை மூடியிருக்கலாம். இதில் துணைக்கு ஆள் ஏற வழியே இல்லை. கல்யாணமாகாத ஒரு பெண் கல்யாணமாகாத ஒருவனோடு அந்த வண்டியில் ஏறினால், வண்டி பாலக்கரை தாண்டும் முன்பே சேதி மேலப்புதூர் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வேகத்தில் நம் ஜனங்களின் வாய்க்கு எந்த சீமை வண்டி ஈடு?

டோரதி வேலை பார்த்தது கன்டோன்மென்டில் ஒரு மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கிளையில். பி.ஏ. படித்தவள், கணக்கில் கெட்டி. எந்த வண்டிக்கு எவ்வளவு பிரீமியம் என்று போட்டுக் கொடுப்பது அவள் பொறுப்பு. இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது என்பது சட்டம். அதை வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே பொங்கல் கழிந்த வாரம் பிலோமின்ராஜ் வந்தே ஆக வேண்டும். ஐம்பத்தாறாம் வருஷம் முதன்முதலாக வந்தான். வாசலில் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். தலைமுடி பறந்து கலைந்திருந்தது. அதைக் கையால் ஒதுக்கிக்கொண்டே உள்ளே வந்து, அவள் போட்டுக் கொடுத்த தொகையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மிஸ், தில்லை நகர்ல புதுசா வீடு கட்டியிருக்காரே டாக்டர், அவர் வண்டியும் சீமை வண்டிதான். என்னுதைவிடப் பெரிய இன்ஜின், என்னுதைவிட வேகம். அவருக்குக் கம்மி, எனக்கு மட்டும் ஏன் அதிகம்?"

நியாயமான கேள்வி. டோரதி பதில் சொன்னாள். வண்டி எவ்வளவு வேகம் போகும் என்பது மட்டும் கணக்கில்லை, எவ்வளவு வேகம் போகிறது என்பதுதான் கணக்கு. டாக்டர் வண்டியை ஓட்டுவது மருதை. மருதைக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். அவர் எங்கே வேகமாகப் போவார்? மாட்டு வண்டிக்கே வழி விட்டுப் போகிறவர். பிலோமின்ராஜ் வாய்விட்டுச் சிரித்தான். பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். போன பிறகு டோரதி அந்த நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளி வைக்கவே இல்லை. சாயங்காலம் பியூன்தான் தள்ளி வைத்தான்.

அடுத்த பொங்கலுக்கும் வந்தான். அதே கேள்வியைக் கேட்டான். போன வருஷம் சொன்னதை மறந்துவிட்டானா, வேண்டுமென்றே கேட்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு விருப்பமும் இல்லை. ஒரே காரணத்தைச் சொன்னால் உடனே எழுந்து போய்விடுவான், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். அதனால் புதிதாக ஒன்றைச் சேர்த்தாள். டாக்டர் வண்டிக்கு மெட்ராஸில் ஏஜென்ட் இருக்கிறான், கேட்ட சாமான் மறுநாள் ரயிலில் வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஒரு விளக்குக் கண்ணாடி உடைந்தால் கூடக் கப்பலில்தான் வர வேண்டும், கம்பெனிதானே அதற்கு அழ வேண்டும் என்றாள்.

இப்படியே பிடித்துக்கொண்டது பைத்தியம். பொங்கலுக்குப் புதுப் புடவை எடுக்கிறாளோ இல்லையோ, ஒரு புதுக் காரணம் எடுத்து வைத்திருப்பாள். மெட்ராஸ் தலைமை ஆபீசிலிருந்து வருகிற ஆட்களிடம் துருவித் துருவிக் கேட்பாள். பாலக்கரை டிங்கரிங் பட்டறை வாசலில் நின்று கேட்பாள். அந்தப் பெண்ணுக்குத் தொழிலில் என்ன அக்கறை என்று மேனேஜர் மெச்சிக்கொண்டார். ஒரு வருஷம் கதவைப் பற்றிச் சொன்னாள்: மெல்லிய அலுமினியத் தகடு, மாட்டு வண்டி உரசினாலும் ஒரு பக்கம் முழுக்கப் போய்விடும், அதைத் தட்டி நிமிர்த்த இந்த ஊரில் எந்த டிங்கருக்கும் கை வராது. அதற்கடுத்த வருஷம் கூரை. பூட்டு இல்லாத வண்டியில் யார் வேண்டுமானாலும் கையை விடலாம். கை கிடக்கட்டும், மார்க்கெட் வாசலில் ஒரு ஆடு அந்த கேன்வாஸில் பாதியைத் தின்றுவிட்டதே, அதற்கு நஷ்ட ஈடு கொடுத்தது யார்? அந்த ஆட்டின் பேச்சே அன்றைக்கு அரை மணி ஓடியது.

இன்னொரு வருஷம் கொஞ்சம் ஆழமாகப் போனாள். இந்த மாதிரி வண்டியை யார் வாங்குகிறார்கள்? வாலிபர்கள், பிரம்மச்சாரிகள். பம்பாயில் ஒருவன் மரத்தில் மோதுகிறான், கல்கத்தாவில் ஒருவன் டிராம் வண்டியில் மோதுகிறான். கம்பெனி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, அதே வகை வண்டி வைத்திருக்கிற எல்லார் தலையிலும் பகிர்ந்து வைக்கிறது.

"எவனோ செஞ்ச பாவத்துக்கு நான் கட்டணுமா, மிஸ்?" என்றான் பிலோமின்ராஜ்.

"ஏங்க, நீங்க ஞானஉபதேசம் படிக்கலையா? ஆதாம் செஞ்சதுக்கு நாம இன்னும் கட்டிக்கிட்டுதானே இருக்கோம்" என்றாள் டோரதி.

அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்த பார்வையை அவள் வருஷம் முழுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் சௌரிராஜ ஐயங்கார் ஸ்ரீரங்கத்துக்காரர். உத்தர வீதியில் வீடு, குடுமி, நெற்றியில் திருமண், தினம் பஸ்ஸில் வந்து போகிறவர். இவ்வளவு கூடுதல் போடுகிற வண்டியை மேனேஜர் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. பார்க்க வந்தவரை, அதற்கென்ன சார், வீட்டிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று பிலோமின்ராஜ் அந்த இடது பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். ஜன்னலில் நின்று பார்த்த டோரதிக்கு வயிறு எரிந்தது. அவருக்கு அறுபது வயதாகப் போகிறது, காற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்?

மறுநாள் காலை மேனேஜர் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா டோரதி, பாலத்து மேலே என் குடுமி அவிழ்ந்துடுத்து. பெருமாள் கிருபையாலே முழுசா ஆத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பிள்ளையாண்டான் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூட்டியே போடு." சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில், காவிரிக் காத்து என்னமா அடிக்கறது தெரியுமோ என்றும் சொன்னார். அவளுக்கு எப்படித் தெரியும்?

கூப்பிடாமலும் இல்லை. ஒரு ஐப்பசி மாதம் ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அவள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அந்த வழியே வந்தவன் வண்டியை நிறுத்தி, உள்ளிருந்தபடியே இடது பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, ஏறுங்க மிஸ், மேலப்புதூர்தானே, இறக்கி விடறேன் என்றான். ஆடு தின்ற இடத்தில் போட்ட ஒட்டு வழியாக அந்த சீட்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஒழுகினால் ஒழுகட்டுமே! ஆனால் ஆபீஸ் முழுக்கத் தாழ்வாரத்தில் நின்று மழையைப் பார்க்கிற சாக்கில் இவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "இல்லைங்க, பஸ் வந்துரும்" என்றாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். பஸ் வரவில்லை. நனைந்துகொண்டே நடந்து வீட்டுக்குப் போனவளை, லூர்துராணி டீச்சர், அதாவது அவள் அம்மா, தலையைத் துவட்டிவிட்டபடியே, எவனாவது வண்டியில் ஏத்திக்கறேன்னு வந்தா ஏறிடாதே என்று சொன்னார். டோரதி துண்டுக்குள் முகத்தை மூடிக்கொண்டாள்.

அறுபத்தொன்றாம் வருஷப் பொங்கலுக்கு, கைவசம் வைத்திருந்த கடைசிக் காரணத்தை எடுத்தாள். நன்றாக யோசித்து வைத்திருந்தாள்.

"டாக்டர் பின்னாடி சீட்ல அவங்க அம்மா, சம்சாரம், பிள்ளைங்க எல்லாம் உட்காந்திருப்பாங்க. 'மெதுவா போ, மெதுவா போ'ன்னு ஒரு குரல் வந்துக்கிட்டே இருக்கும். உங்க வண்டியில அப்படிச் சொல்லப் பின்னாடி ஆள் உட்கார இடமே இல்லீங்களே. கம்பெனி அதைத்தான் பாக்குது."

பிலோமின்ராஜ் இந்தத் தடவை சிரிக்கவில்லை. வெளியே மரத்தடியில் நின்ற வண்டியை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "நீங்க சொல்றது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். டோரதிக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் ஒப்புக்கொண்ட காரணம் இது ஒன்றுதானே.

அடுத்த பொங்கல் கழிந்தது. டோரதிக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. பழையதையெல்லாம் வரிசையாக மறுபடி சொல்லிக்கொள்ளலாம் என்று நீலப் புடவை கட்டிக்கொண்டு போனாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஆனால் அந்தச் சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தால் வேப்ப மரத்தடியில் ஒரு வெள்ளை அம்பாசிடர். தலை படிய வாரிய பிலோமின்ராஜ் அதிலிருந்து இறங்கி வந்தான்.

"வித்துட்டேன்" என்றான் உட்கார்ந்ததும். மணப்பாறை மாட்டுத் தரகர் அழகிரி வாங்கிக்கொண்டாராம். அம்பாசிடருக்கு அவள் போட்டுக் கொடுத்த தொகையை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டினான். இனி இவன் என்ன கேட்பான், இவள் என்ன சொல்வாள்? அவன் எழுந்து நின்றான். போகாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எங்க அத்தையைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன். அம்மாகிட்டச் சொல்லி வைங்க."

டோரதி தலையை ஆட்டினாள். அவன் போன பிறகு ஆபீஸ் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே அழுதாள். ஆறு வருஷமாக மனதில் வைத்திருந்தவன் பெண் கேட்டு வருகிறேன் என்கிறான். சந்தோஷத்தில் பெண்கள் அழுவது உண்டு. ஆனால் அந்த அழுகையில் பாதி சிவப்பு வண்டிக்காக என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தபசு காலம் வந்துவிட்டதால் கல்யாணத்தை ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொண்டார்கள். அதற்குள் ஒரு நாள் அழகிரி ஆபீசுக்கு வந்தார். சிவப்பு வண்டிக்குத் தன் பேரில் இன்ஷூரன்ஸ் போட வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தால், இடது பக்கத்து சீட்டில் அவர் மனைவி வேலம்மாள், மடியில் முறுக்கு டின்னோடு, வெற்றிலை மென்றுகொண்டு, நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். டோரதி தொகையைச் சொன்னாள். அழகிரி மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

"ஏன் அதிகம்னு கேக்கலீங்களா?" என்று டோரதியே கேட்டுவிட்டாள்.

"அதுல என்னம்மா கேக்கறது? ஓடற மாடு கொஞ்சம் கூடத்தான் திங்கும்" என்றார் அழகிரி. ஆறு வருஷத்துப் பேச்சை மனுஷன் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். வெளியே வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. வேலம்மாளின் முந்தானை பின்னால் பறந்தது.

கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது, டோரதி பாலக்கரைக்கு வந்தாள். பிலோமின்ராஜ் நல்ல புருஷன். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆடி பதினெட்டுக்கு மறுநாள் மேனேஜர் புது ஜோடியை வீட்டுக்கு டிபனுக்குக் கூப்பிட்டார். காவிரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது என்று கேள்விப்பட்டு லூர்துராணி டீச்சரும் கிளம்பிவிட்டார். டீச்சருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் குமட்டும். ஆகவே இடது பக்கத்து முன் சீட்டில் அவர் ஏறிக்கொண்டார். டோரதி பின்னால், ஒரு பலாப்பழத்துக்குப் பக்கத்தில்.

பாலத்துக்கு வந்ததும் காற்று அடித்தது. எதிரே, ஸ்ரீரங்கத்துப் பக்கமிருந்து, சிவப்பு வண்டி வந்தது. தூரத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது. அழகிரி ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டார். வேலம்மாளின் கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது; அவள் அதைப் பிடிக்கக் கூட இல்லை, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி விர்ரென்று தாண்டிப் போயிற்று. டோரதி திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். மறுபடி முன்னால் திரும்பினபோது, டிரைவர் கண்ணாடியில் பிலோமின்ராஜின் கண்களும் அந்த வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அம்பாசிடர் மெல்ல வேகம் பிடித்தது. கதவெல்லாம் கடகடத்தது.

"மெதுவா போங்க மாப்பிள்ளை" என்றார் டீச்சர்.

அவன் மெதுவாகப் போனான்.

அறுபத்துமூன்றாம் வருஷப் பொங்கல் கழிந்து, அம்பாசிடருக்குப் பாலிசி புதுப்பிக்க பிலோமின்ராஜ் ஆபீசுக்கு வந்தான். காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பியவர்கள்தான். ஆனாலும் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் என்னவோ போலாயிற்று.

"இதுக்கு ஏன் இவ்வளவு கம்மி?" என்றான் விளையாட்டாக.

"நாலு கதவு, இரும்புக் கூரை. ஸ்பேர் உங்க கடையிலயே கிடைக்கும். ஓட்டறவருக்குக் கல்யாணம் ஆயிருச்சு" என்றாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை.

அப்போதுதான் டோரதி கேட்டாள். "அந்த வண்டியை ஏங்க வித்தீங்க?"

"நீதானே சொன்னே?"

"நானா?"

"வருஷா வருஷம் உட்கார வைச்சு சொன்னியே. முதல்ல நீ வண்டியைப் பத்திப் பேசறேன்னு நினைச்சேன். போகப் போகத்தான் என்னைச் சொல்றேன்னு புரிஞ்சுது. தலைக்கு மேல கூரை இல்லை, நிதானம் இல்லை, ஒரு குடும்பம் உட்கார இடம் வைக்கலை. இவனை நம்பி எப்படிக் கழுத்தை நீட்டறதுன்னுதான் இந்தப் பொண்ணு கேக்குதுன்னு நினைச்சேன். எனக்கு வண்டியா பெரிசு?"

வாய் இருக்கிறதே வாய், அதை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒன்றாகக் காரணம் சேர்த்துச் சேர்த்து, அந்த வண்டியை அவளே தள்ளிக்கொண்டுபோய் மணப்பாறையில் விட்டிருக்கிறாள்.

"உங்களை இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைக்கத்தாங்க அதெல்லாம் சொன்னேன்" என்றாள். "எனக்கு அதுல ஒரே ஒரு தடவை போகணும்னு இருந்துச்சு. பாலம் வரைக்கும்."

அவன் அவளையே பார்த்தான். "மழையில கூப்பிட்டேனே."

"எப்படி வருவேன்?"

"வர முடியாதுன்னுதானே, எல்லாரும் ஏறற வண்டியா வாங்கினேன்."

"கல்யாணம் முடியற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

அவன் அப்படி யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெளியே மரத்தடியில் அம்பாசிடர் நின்றது. உள் அறையில் மேனேஜர் இருமினார். பிலோமின்ராஜ் எழுந்து போய்விடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். படிய வாரியிருந்த தலையைக் கையால் கலைத்துவிட்டுக்கொண்டான்.

"மிஸ்" என்றான், "தில்லை நகர் டாக்டர் வண்டி என்னுதைவிட வேகம். அவருக்குக் கம்மி. எனக்கு மட்டும் ஏன் அதிகம்?"

டோரதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருதைக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள் என்று ஆரம்பித்து, கண்ணாடி, கப்பல், கதவு, ஆடு என்று ஒன்றையும் விடாமல் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.